தக்காளி டின்னில் கங்கு

என் கணவர் லெபனானுக்குப் போனதிலிருந்து ஆறைக் கழித்துக் கழித்தே என் நாள் ஓடுகிறது. இங்கே பகல் பன்னிரண்டு என்றால் அங்கே காலை ஆறு. அந்த நேரத்தில்தான் அவர்கள் முகாமில் பெயர் கூப்பிட்டு முடிப்பார்கள். முடிந்ததும் அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்புவார். பெரிதாக ஒன்றும் இருக்காது, ஒரே ஒரு புள்ளி. இன்னும் இருக்கிறேன் என்று அர்த்தம். புள்ளி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்கும். வராவிட்டால் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் எரிந்து விழுவேன்.

நான் மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் மண்டோர். இருபத்திரண்டு பேரைக் கட்டி மேய்க்கிற வேலை. பாதிப் பேர் நேப்பாளிகள், மீதியில் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். தமிழர் என்று பார்த்தால் நானும் இன்னும் மூன்று பெண்களும்தான். நவமணி என்று அவர்களில் யாரும் கூப்பிட்டதில்லை, 'மண்டோரம்மா'தான். புள்ளி வராத நாட்களில் என் வாயில் விழுந்து எழுந்தவர்கள் என்பதால், மணி பன்னிரண்டு ஆனதும் அவர்களும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. ஒன்பதாம் பிளாக் வளைவில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் போனுக்கு உயிர் வரும். தினமும் அந்த வளைவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து, சாமி கும்பிடுகிறேன் என்று ஒரு நேப்பாளிப் பையன் நினைத்துவிட்டான். அவன் நினைத்ததில் பெரிய தவறும் இல்லை.

என் கணவர் திருச்செல்வம் ராணுவத்தில் கார்ப்பரல். சண்டை போடுகிற இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அமைதி காக்க என்று, நீலத் தொப்பி போட்டு ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் போய் நிற்கிறவன் மேல் இரண்டு பக்கத்து அடியும் விழாதா என்று விமான நிலையத்தில் கேட்டேன்.

"ஐ.நா. கொடி பெருசா பறக்கும்லா மணி. மேலேருந்து பாத்தாலே தெரியும்" என்றார்.

குண்டுக்குக் கொடியைப் படிக்கத் தெரியுமா என்று கேட்க வந்ததை, ஆறு வயதுப் பாப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

நவம்பர் வரைக்கும் குளிரைப் பற்றி ஒரே பெருமைதான். "இங்க இருக்கற கெடாக்காரன், கிளந்தான்காரன், கீழேருந்து வந்தவன் எல்லாம் இப்பவே நடுங்கறான். நான் கேமரன்லேருந்து வந்தவன்லா, எனக்கு இதெல்லாம் சும்மா" என்று குரல் பதிவு வரும். டிசம்பர் வந்ததும் பெருமை அடங்கியது. எங்கள் மலைக் குளிர் வெயில் வந்தால் எழுந்து போய்விடும். அங்கே இருப்பது போவதே இல்லையாம். மழை பிடித்தால் பத்து நாள். முகாம் முழுக்கச் சேறு, பூட்ஸுக்குள்ளும் சேறு. நனைந்த காலுறையை ஜெனரேட்டர் குழாயில் சுற்றிக் காயவைப்பார்களாம். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, தட்டினால் ஐஸ் விழும். கோபுரத்தில் இரண்டு மணி நேரம் காவல் நின்று இறங்கினால் விரல் மடங்காது, துப்பாக்கியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும் என்றார். தலைக்கு மேலே ட்ரோன் சத்தம் எந்நேரமும் இருக்கும். சைரன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு பங்கருக்குள் ஓட வேண்டும். சில நாள் அதற்குள்ளேயே பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் தோண்டித் துருவிக் கேட்டால்தான் சொல்வார். அவராகப் பேசினால் வீட்டுப் பேச்சுதான். "இன்னைக்கு எந்த பிளாக் வெட்டு? பாப்பா எந்த ஸ்வெட்டர் போட்டிருக்கா? சாம்பார்ல என்னா காய் போட்ட?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். முள்ளங்கி என்றால், எங்கே வாங்கினாய், கியா பார்ம் கடையிலா, சந்தையிலா என்று அதையும் கேட்பார். ஒருநாள் நம் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். மூன்று நிமிஷம் போனை மேலே தூக்கிப் பிடித்துப் பதிவு செய்து, மறுநாள் வளைவுக்குப் போய் அனுப்பினேன். அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நம் வீட்டு மழையைக் கேட்டுத் தூங்க ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

அவருக்கு அங்கே ஊர்ப் பேச்சுப் பேச ஒரே ஒரு ஆள், அஃபிக். எங்கள் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயின் ஒரே மகன். வயது இருபத்து நான்கு. அதே முகாமில் சமையல் பிரிவில் இருக்கிறான். அவன் அம்மா ஆரிஃபா அக்கா மகனைப் பட்டாளத்துக்கு விடமாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள். பாய்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

டிசம்பர் மூன்றாவது வாரம் அவர் படுக்கிற கேபினில் ஹீட்டர் செத்துப் போனது. கேபின் என்றால் இரும்புப் பெட்டி, லோரியில் ஏற்றுகிற கண்டெய்னர் மாதிரி. சாமான் வர வேண்டும், ரோடு மூடியிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனார்கள். நாலாவது நாள் பேசியபோது அவர் குரலே கட்டிப் போயிருந்தது.

"மூணு நாளா தூங்கல மணி. ரெண்டு காலுறை, ரெண்டு ஜாக்கெட், அப்பவும் முடியல."

"நம்ம லைன்ல வைக்கிற மாதிரி கங்கு வைங்களேன்" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

எங்கள் லைனில் பிள்ளை பெற்றவள் கட்டிலுக்கு அடியில் நாற்பது நாளும் கங்கு வைப்பது வழக்கம். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டையை எரித்து, புகை அடங்கியதும் கங்கை மட்டும் பிஸ்கட் தகரத்தில் அள்ளி, மேலே சாம்பல் தூவி உள்ளே தள்ளிவிடுவோம். விடியும்வரை சூடு இருக்கும். பாப்பா பிறந்தபோது எனக்கு வைத்தவர் அவரேதான். மாமியார் இல்லாத வீடு என்பதால் லைன் பெண்களிடம் கேட்டுக் கேட்டு, கை சுட்டுக்கொண்டு செய்தார்.

"அட, எனக்கு இது தோணவே இல்லையே" என்றார். அவர் குரல் தெளிந்ததில் எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் வளைவில் நின்றேன். போன் துடித்தது. விடிகாலை நாலு நாற்பதுக்கு வந்த படம், அதாவது அவர் அனுப்பியபோது அங்கே இரவு பத்து நாற்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய தக்காளி டின், அதன் பக்கவாட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள், உள்ளே கங்கு சிவப்பாக இருந்தது. கூடவே குரல்.

"டின்னு அஃபிக் குடுத்தான். தீவாளிக்கு சாத்தேக் கோழி சுட்ட கரி மிச்சம் இருந்துச்சு, அதையும் குடுத்தான். ஜன்னலு, கதவுச் சந்து, எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் வச்சு டேப்பு ஒட்டிட்டேன், ஒரு எறும்பு நுழைய முடியாது. கூடப் படுக்கற ரோஸ்லிக்கு இன்னைக்கு டவர் டியூட்டி, விடிஞ்சுதான் வருவான். நான் மட்டும்தான். ஜாக்கெட்டைக் கழட்டிட்டு உக்காந்திருக்கேன்னா பாத்துக்கோயேன். தலைதான் கொஞ்சம் கனமா இருக்கு. தூங்காததுதான். வச்சிர்றேன்."

நான் அந்தப் படத்தைப் பெரட்டில் எல்லோருக்கும் காட்டினேன். பெண்கள் சிரித்தார்கள். "யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கு அங்க?" என்று காளியம்மா கேலி செய்தாள். அன்று யாரையும் திட்டாமல் வேலை பிரித்துக் கொடுத்தேன்.

ஏழே முக்காலுக்கு டிரஸர் செல்லையா மேலே வந்தார். தோட்டத்து மருந்தகத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். வெட்டுக்கத்தி பட்ட ஒரு பையனுக்குக் கட்டு மாற்ற வந்தார். அவரிடமும் போனை நீட்டினேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஜன்னல் எங்கம்மா?"

"ஒட்டிட்டாங்க டிரஸரே. எறும்புகூட நுழையாதாம்."

"எத்தனை மணிக்கு அனுப்பினாரு?"

"அங்க பத்து நாப்பது."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போனை என் கையில் திருப்பி வைத்தார்.

"நவமணி, புகை இல்லாட்டியும் கங்குல விஷக்காத்து வரும். அதுக்கு வாசம் கிடையாது. மூடின ரூம்ல மொதல்ல தலை கனக்கும், அப்புறம் தூக்கம் வரும். தூங்கினவங்க எழுந்திரிக்க மாட்டாங்க."

"நம்ம லைன்ல காலங்காலமா வைக்கிறோமே. யாருக்கு என்னா ஆச்சு?" என்றேன். சண்டை போடுகிற குரலில்தான் கேட்டேன்.

"நம்ம லைன்ல பலகைக்குப் பலகை சந்து. சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல கை போகும். ராப்பூரா காத்து அடிக்குது. அதனாலதான் பொழச்சோம்."

பத்து வருஷமாக நான் சபித்த சந்துகள் அவை. ஒவ்வொரு மழைக்காலமும் பழைய துணியை அடைத்துவிட்டு, உருப்படாத வீடு என்று திட்டுவேன். அவரும் நானும் பிறந்தது, பாப்பா பிறந்தது, எல்லாம் அந்த மாதிரிச் சந்துகள் விட்ட காற்றில்தான். இது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

வளைவுக்கு ஓடினேன். அவருக்கு அழைத்தேன், மணியே அடிக்கவில்லை. செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. கேபின்களுக்குப் பதினோரு மணிக்கு மேல் வைஃபையை நிறுத்திவிடுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏற்கனவே மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.  போனில் எழுத்தைத் தொட்டால் வேறு எழுத்து விழுந்தது.

குடும்பத்தாருக்கு என்று ராணுவத்தில் கொடுத்திருந்த அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவருக்கு என் குரல் பழக்கம். செய்தியில் குண்டு என்று வந்தாலே அழைப்பவள் நான், அந்த மாதத்திலேயே ஐந்து முறை அழைத்திருந்தேன். ஆனால் அன்று அவர் அலுத்துக்கொள்ளவில்லை. என் உடைந்த மலாயில் கரி, மூடின பெட்டி, என் புருஷன் என்று சொன்னதை எழுதிக்கொண்டார். உடனே சொல்லப் பார்க்கிறேன் அம்மா, ஆனால் முகாமுக்கு இப்போது லைன் கிடைக்கவில்லை என்றார். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் பயம் இரண்டு பங்கானது.

அங்கே விழித்திருக்கக்கூடிய ஆள் யார்? அஃபிக் நினைவுக்கு வந்தான். அவன் எண் என்னிடம் இல்லை. ஜப்பார் பாய்க்கு நாலு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. பள்ளி விடுமுறை, காலை நேரம், கடையில் கூட்டம் நெரியும்.

"நீ போம்மா. நான் இங்கயே நின்னு செல்வத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் டிரஸர்.

மோட்டர் சைக்கிளை எடுத்தேன். தேயிலைக்கு நடுவில் போகிற அந்த ஒற்றை ரோட்டில் நான் அப்படி ஓட்டியதில்லை. கியா பார்மில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. சிங்கப்பூர் நம்பர், கோலாலம்பூர் நம்பர், எல்லாம் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவை. ஒரு ஆள் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனை நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. காருக்கும் காய்கறி லோரிக்கும் இடையில் நுழைந்து நுழைந்து போனேன்.

என் வாய் பாட்டுக்கு முருகா முருகா என்றது. மனம் வேறு எங்கோ ஓடியது. கொடி போர்த்திய பெட்டியைப் பார்த்தேன். பாப்பா அதைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தேன். எதால் செத்தார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? குண்டில் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும். பெண்டாட்டி சொன்ன யோசனையில் என்று எப்படிச் சொல்வது? ஏழு மாதமாகக் குண்டுக்குப் பயந்தேன், என் வாய்க்குத்தான் பயந்திருக்க வேண்டும். பிரிஞ்சாங் இறக்கத்தில் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

எட்டு இருபதுக்குக் கடைக்குள் நுழைந்தேன். ஜப்பார் பாய் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் மாவு வீசிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வீசின மாவு கையிலேயே தொங்கியது.

"அஃபிக்கா?" என்றார்.

"இல்ல பாய். செல்வம்."

அவர் நெஞ்சு இறங்கி மூச்சு விட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வெட்கத்தோடு, "சொல்லும்மா, என்னா?" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு மகனுக்கு அழைத்துவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

இரண்டாவது மணியில் அஃபிக் எடுத்தான். "அத்தா?" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் பெரிய கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"எங்கய்யா இருக்க?"

"பங்கர்ல அத்தா. அரை மணி நேரமா விழுது. பக்கத்துக் கிராமத்து மேல. பயப்படாதீங்க, அம்மாகிட்ட சொல்லாதீங்க. இங்க வைஃபை இருக்கு, நல்லாத்தான் இருக்கோம்."

"அஃபிக், நவமணி அக்கா பேசறேன். செல்வம் அண்ணன் உங்கூட இருக்காரா?"

"அவரும் ரோஸ்லியோட டவர் டியூட்டில இருக்காருன்னுல்ல நெனச்சோம்?"

"இல்லய்யா. கேபின்ல இருக்காரு. கங்கை வச்சுட்டு, கதவெல்லாம் டேப்பு ஒட்டிட்டுப் படுத்திருக்காரு. சைரன் ஊதியும் எழுந்திரிக்கலன்னா..."  மீதியைப் பாய் சொன்னார், விஷக்காற்று என்று.

 அவன் மலாயில் யாரிடமோ பேசுவதும், ரேடியோ கரகரப்பதும் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"அத்தா, சத்தம் அடங்கற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாதுங்கறாங்க. அடங்கினதும் ஆள் அனுப்பறாங்களாம். அது எப்ப அடங்கும்னு தெரியாது. போன தடவ விடியற வரைக்கும் அடங்கல." குரலைத் தாழ்த்தினான். "இங்கேருந்து அவரு கேபின் நாப்பது, அம்பது அடிதான் அத்தா. கரி குடுத்தது நான். டின்னு குடுத்ததும் நான்தான். போகட்டுமா?"

சொன்னதைக் கேட்காமல் போகிற பையன் இல்லை அவன். பட்டாளத்தில் சேர்வதற்கே அப்பாவைக் கேட்டுவிட்டுச் சேர்ந்தவன்.

ஜப்பார் பாய் என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்திருந்தார், மாவு ஒட்டிய விரல்கள் வெளுத்திருந்தன. அவர் எனக்காகத்தான் காத்திருந்தார். வேணாம் பாய், அடங்கட்டும், ஆள் அனுப்புவாங்கள்ல என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லவள் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். ஒருத்தி வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளையை, என் தவறுக்காக, குண்டு விழுகிற இடத்துக்கு அனுப்பச் சொல்ல எனக்கு என்ன உரிமை? இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த என் நீள வாய் அந்த நிமிஷத்தில் மூடிக்கொண்டது. என் கணவர் எழுந்திரிக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"பிஸ்மில்லா சொல்லிட்டுப் போய்யா. குனிஞ்சு ஓடு" என்றார் பாய்.

போன் பங்கரில் எங்கேயோ வைக்கப்படுவது கேட்டது. யாரோ மலாயில் கத்தினார்கள். இரும்புக் கதவு திறந்து மூடியது. உள்ளே ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார். பிறகு மிகப் பெரிய சத்தம் ஒன்று. ஸ்பீக்கர் கிறீச்சிட்டு, லைன் அறுந்தது.

நான் திரும்ப அழைக்கப் போனேன். "வேணாம்மா, அவன் கூப்பிடுவான்" என்று பாய் தடுத்தார். 

வெளியே இரண்டு மேசைக்காரர்கள் தே தாரே டீ கேட்டுக் குரல் கொடுத்தார்கள். பாய் கல்லுக்குப் போய் மாவை எடுத்தார். வீசியது கிழிந்தது. உருட்டி மறுபடி வீசினார், அதுவும் கிழிந்தது. கிழிந்ததையே கல்லில் போட்டுவிட்டு நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபத்தாறு, இருபத்தேழு. நாற்பது அடி ஓட எவ்வளவு நேரம் ஆகும்? கதவை உடைக்க எவ்வளவு நேரம்? ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர? அந்தப் பெரிய சத்தம் எங்கே விழுந்தது? நான் இரண்டு பேரைக் கொன்றுவிட்டேனா? 

அப்போதுதான் மாடிப்படியில் ஆரிஃபா அக்கா இறங்கி வந்தாள். கையில் அட்டைப் பெட்டி.

"நவமணியா, வா. நல்ல நேரத்துலதான் வந்திருக்க. அஃபிக்குக்குச் சம்பல் பொரிச்சு அடைச்சிருக்கேன், கம்பளித் தொப்பியும் வச்சிருக்கேன். செல்வத்துக்கு ஏதாச்சும் குடுக்கறதுன்னா குடு, இதுலயே வச்சு அனுப்பிடலாம்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னாங்க ரொட்டி கருகுது? என்னா ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று பெட்டியை மேசைமேல் வைத்தாள். போனுக்குப் பக்கத்தில்.

பாய் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. திரையில் அஃபிக்கின் படம். பாயும் நானும் எட்டினோம், ஆனால் கிட்டே இருந்தவள் அவள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"என்னாப்பா, இந்நேரத்துல... ஏன்டா இப்படி மூச்சு வாங்குது?" என்று சிரித்தபடி ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "யாரைத் தூக்கின? எங்கேருந்து?" கேட்டுக்கொண்டே இருந்தாள். "வெளியவா போன? குண்டு விழறப்பவா?" அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "கை காலு சரியா இருக்கா? பாத்துச் சொல்லு. ரத்தம் எங்கயாச்சும் வருதா? நல்லா பாத்தியா?" கடைசியாக, "யாரு உன்னப் போகச் சொன்னது?" என்று கேட்டாள்.

அவன் என்ன சொன்னானோ, அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பாய் தலை குனிந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் புருஷனுக்கு மூச்சு இருக்காம்" என்றாள் என்னிடம். "தூக்கறப்ப பேச்சு மூச்சு இல்லையாம். இப்ப வாந்தி எடுத்துட்டு, கண்ணைத் திறந்தாராம். டாக்டரு பங்கர்லயே ஆக்சிஜன் வச்சிருக்காராம்."

 அப்படியே கடைத் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன், யாரோ என் கையில் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஆரிஃபா அக்கா மட்டும் போனை விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "உள்ளயே இரு. ஆரு கூப்பிட்டாலும் போகாத. நான் சொல்ற வரைக்கும் அந்தக் கதவைத் தாண்டாத, கேட்டுக்கிட்டியா" என்று நாலைந்து முறை சொன்னாள். பிறகுதான் வைத்தாள்.

போனை மேசைமேல் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைக் கேட்டிருந்தா, போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன் நவமணி" என்றாள்.

"என் பிள்ளையா இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்க்கா" என்றேன்.

 மாவு சிந்திக் கிடந்த தரையில் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என் தோளில் அவள் தோள் பட்டபோதுதான் அவளுக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர்கள் இருவரும் திரும்பி வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.